4எல் லீவரைத் தொட்டதே இல்லை, குடும்பத்தோடு மலைக்குப் போகலாமா?

பெருந்துறைக்காரன்:

வணக்கமுங்க. மாருதி ஜிம்னி ஜீப் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஈரோடு, மாமனார் ஊர் கவுந்தப்பாடி, திருப்பூர், இவ்வளவுதான் இதுவரை ஓட்டம். கியருக்குப் பக்கத்தில் 2எச் (சாதா ரோட்டுக்கு, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்), 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும்), 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும்) என்று போட்ட குட்டி லீவர் இருக்கிறதே, அதில் தூசி தட்டியதோடு சரி.

பொங்கல் கழிந்து ஒரு சனி ஞாயிறு மலையில் டென்ட் போட்டு, மண் தடத்தில் வண்டி ஓட்டிப் பார்க்க ஆசை. நாங்கள் நாலு பேர். பையனுக்குப் பதினொன்று, பாப்பாவுக்கு ஏழு. மச்சானிடம் மகிந்திரா தார் ஜீப் இருக்கிறது, அவர் வீட்டில் மூன்று பேர். விஷயம் கேள்விப்பட்டு மாமியாரும் வருகிறேன் என்கிறார்.

பர்கூர் போகலாமா, கொல்லிமலை போகலாமா? காட்டுக்குள் ஓடையோரமாக டென்ட் போட்டால் யாராவது கேட்பார்களா? வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும்? வீட்டில் சொல்வது இதுதான்: "தோட்டத்து இட்டேரியிலேயே (வேலிகளுக்கு நடுவில் போகும் மண் தடம்) ரெண்டு சுத்துச் சுத்துங்க, அதுவே ஆஃப்ரோடுதான்." கிண்டல் போதும், யாராவது பதில் சொல்லுங்கள்.

நடுக்காட்டான்:

கேட்பார்களாவா? நன்றாகக் கேட்பார்கள். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலைக்காடுகள் 2024-ல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டன. ரோட்டில் போகலாம், வரலாம். அனுமதியில்லாமல் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் வண்டியை இறக்கினால் 1972 வன உயிரினச் சட்டத்தில் கேஸ். சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதை வழி என்றால் 2022 பிப்ரவரியிலிருந்து இரவு நேரக் கட்டுப்பாடும் இருக்கிறது, நேரம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஓடையோரம் என்றால் ராத்திரி ஆனை தண்ணீர் குடிக்க வரும் இடம். நீங்கள் பெருந்துறையிலிருந்து ஆசையாக வந்திருப்பது அதற்குத் தெரியாது.

பட்டா நிலமாகப் பாருங்கள்.

மேஜர் ஜீப்:

வீட்டில் அம்மிணி சொன்னது கிண்டல் இல்லைங்க, முதல் பாடமே அதுதான். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்னால், கொல்லிமலையில் தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட்டோம் என்ற திமிர் எனக்கு. ரோட்டிலிருந்து சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் தடம், முந்தின நாள் மழை வேறு. பாதி ஏற்றத்தில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் சம்சாரம், பையன், சித்தப்பா. பதற்றத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து, திருப்பிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். வண்டி குறுக்கே வந்ததுமே மேட்டுப் பக்கத்துச் சக்கரம் லேசாகிவிட்டது. உட்கார்ந்திருந்த சீட்டு மெல்லச் சாய்வது உடம்பில் தெரிந்தது. சித்தப்பா பின்பக்கமாகக் குதித்து, கைக்கு வந்த கல்லைப் பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். இட்லிப் பாத்திரம் உருண்டு மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தில் போய் நின்றது.

தோட்டத்து டிரைவர் வெற்றிலை மென்றபடி நடந்து வந்தார். "ஏனுங்க, ஏறுன தடத்துலயே ரிவர்சுல நேரா எறங்குனா ஆகாதுங்களா?" என்று மட்டும் கேட்டார். என் ஆஃப்ரோடு படிப்பு அந்த ஒரு கேள்விதான். ஏற்றத்தில் வண்டி அணைந்தால் பிரேக்கை விடாதீர்கள், 4எல்லிலேயே ரிவர்ஸ் போடுங்கள், பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு வந்த வழியே நேராக இறங்குங்கள். சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பவே கூடாது.

திரும்பும்போது இன்னொரு கூத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி மலையில் கருகின வாடை, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ஓரங்கட்டி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன். சித்தப்பா குடத்தைப் பிடுங்கிவிட்டார். காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்றார். முக்கால் மணி நேரம் கடலைக்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். மலை ரோட்டில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். மண் தடச் சரிவு என்றால் 4எல், முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

4எல்லுக்கு மாற்றும்போது வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்றுங்கள். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் 2எச். இந்த வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிட நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வழுக்கும் மண்ணில் பாதகமில்லை. ரோட்டில் வளைத்தால் உள்ளே எல்லாம் இறுகிக்கொள்ளும்.

மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. மண் தடத்தில் டயர் காற்றைக் குறைக்கலாம், 30 பிஎஸ்ஐ சொச்சம் இருப்பதை 20 வாக்கில் வைத்தால் டயர் கல்லைக் கவ்வும், இடுப்பும் பிழைக்கும். ஆனால் திரும்ப அடிக்க பம்பு வேண்டும், குறைந்த காற்றோடு ரோட்டில் ஓட்டக் கூடாது. கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் பம்பரில் கட்டாதீர்கள், வண்டிக்கென்று கொடுத்த கொக்கியில் மட்டும். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வரும், பிள்ளைகளைத் தூரமாக நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. ஜிம்னியில் நாலு சீட், தாரில் நாலு சீட், நீங்கள் எட்டுப் பேர். டென்டும் பாத்திரமும் எதில் வரும்? தலைமேல் கட்டிச் சரிவில் ஓட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

செம்பருத்தி:

ஆண்கள் பேசி முடித்தாயிற்று என்றால் நான் ஒன்று கேட்கிறேன். கக்கூஸ் எங்கே? யாருடைய தோட்டத்துக்குப் போனாலும் டென்டைச் சாளைக்கு முன்னால் இருக்கும் களத்திலேயே போடுங்கள். ஏழு வயசுப் பிள்ளையை ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு கூட்டிப்போகப் போவது நீங்கள் இல்லை.

சமையலுக்கு அரிசியும் பருப்பும் போதும். ஒரே குக்கர், சின்ன வெங்காயம், ஒரு சீசா நெய், தொட்டுக்கொள்ள ஊறுகாய். நாங்கள் ஒருமுறை பிரியாணி போடுகிறோம் என்று கிளம்பி, ஒன்பது மணிக்கும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வண்டியிலும் மூட்டை குறைய இது ஒன்றே வழி.

அடுப்பு மூட்டுமுன் மரத்தை அண்ணாந்து பாருங்கள். கதண்டு (பெரிய குளவி) கூடு இருந்தால் புகை போட்டுவிடாதீர்கள். மாமியாருக்கு முன் சீட்டு கொடுங்கள், தூக்கிப்போடுவதெல்லாம் பின் சீட்டில்தான். மண் தடத்தில் அவர் நடந்தே வருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள், எப்படியும் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பெருந்துறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. மாமனாரின் சிநேகிதர் ஒருவருக்குக் கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் காபித் தோட்டம் இருக்கிறது. களத்தில் டென்ட் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். டென்டும் பாத்திரமும் முதல் நாளே அவர் வேனில் போய்விடும்.

இன்று காலை கவுந்தப்பாடித் தோட்டத்து இட்டேரியில் 4எல் போட்டுப் பார்த்தேன். வாய்க்கால் கரைச் சரிவில் முதல் கியரில் விட்டுக் காலை எடுத்தால், வண்டி தானாகப் பிடித்துப் பிடித்து இறங்குகிறது. பையன் கை தட்டினான். வேலியோரம் நின்று பார்த்த மாமியார், "எங்கப்பாரு மாட்டு வண்டியே இதைய விட வெரசலாப் போகும்" என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.