கலைச்சொல் வேண்டும்: குழாயின் ஸ்லோப், இன்வெர்ட்

பெருந்துறை, பாலிடெக்னிக் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். கழிவுநீர்க் குழாய்களைக் கணினியில் வரைவது பற்றி டிப்ளமோ சிவில் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் நிற்கிறது: ஸ்லோப், இன்வெர்ட்.

ஸ்லோப்புக்குக் கணக்குப் பாடத்தின் ‘சாய்வு’ இருக்கிறது. இன்வெர்ட்தான் சிக்கல். குழாயின் உட்புறத்தில் மிகத் தாழ்ந்த கோடு அது. பழைய செங்கல் சாக்கடைகளின் அடிப்பகுதியைத் தலைகீழான வளைவாகக் கட்டியதால் வந்த பெயர். அதற்காகத் ‘தலைகீழ் மட்டம்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. மாணவர்கள் குழம்புவதும் இங்கேதான். வரைவது மையக்கோடு, கேட்கப்படுவது இன்வெர்ட் மட்டம். 150 மி.மீ. உள்விட்டக் குழாயில் இரண்டுக்கும் 75 மி.மீ. வித்தியாசம். 100-க்கு 1 சாய்வில் ஏழரை மீட்டர் ஓடினால் கிடைக்கிற இறக்கம் அது. ஒன்றுக்குப் பதில் மற்றதை இட்டால் கடைசி ஆளிறங்கு குழியில் (மேன்ஹோலில்) குழாய் போய்ச் சேராது.

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது. அகடு. குறள் 936 ‘அகடாரார்’ என்று தொடங்கும்; வயிறு நிறையாதவர் என்று பொருள். குழாயின் வயிற்றுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? அலையின் மேட்டை முகடு, பள்ளத்தை அகடு என்று அறிவியல் பாடநூலே சொல்கிறது. முகம், முகடு, அகம், அகடு. அகழ், அகழி, அகல் எல்லாமே உட்குழிவைச் சொல்பவைதான். ‘டு’ ஈறு வடிவத்தைக் காட்டுவது என்பது என் எண்ணம்: தகடு, சகடு, பகடு. பகடு, அதாவது எருது என்றதும் காங்கேயம் காளையின் திமில் நினைவுக்கு வருகிறது. பகு என்னும் வேரோடு அதை இணைத்துப் பார்க்கலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

திருப்பூர், தள பொறியாளர்:

ஐயா, காளையை நாளைக்குப் பார்க்கலாமுங்க. சாயக்கழிவுக் குழாய்கள் போடுகிற வேலையில் இருக்கிறேன். மேஸ்திரியிடம் ‘சாய்வு’ என்றால் குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். அவர் சொல் வாட்டம். “வாட்டம் பத்தலைங்க”, “வாட்டம் விட்டுப் போடுங்க”. குளியலறைத் தரை, ஓட்டுக்கூரை, சாக்கடை எல்லாவற்றுக்கும் அதுதான். திரையில் ஒரு சொல், குழியில் ஒரு சொல் என்று பழகிய பையன் ரசமட்டத்தைப் பிடிக்கிற ஆளிடம் என்ன பேசுவான்?

இன்வெர்ட்டை அப்படியே விடலாம் என்பேன். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் காண்டூர் கால்வாயைப் பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகள் யாரும் மொழிபெயர்த்துக்கொண்டு பேசவில்லையே.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

காண்டூரைச் சொல்லித் தப்பிக்க முடியாது அண்ணா. அது ஒரு கால்வாயின் பெயராகிவிட்டது. சமமட்டம் என்ற பொருள் அதில் எத்தனை பேருக்குத் தெரிகிறது? பெயராக நிலைப்பது வேறு, கருத்தாக விளங்குவது வேறு. பாடத்துக்கு வேண்டியது இரண்டாவது.

என் வாக்கு ‘உள்ளடி’க்கு. வெறும் ‘அடிமட்டம்’ என்றால் கட்சித் தொண்டர் நினைவு வரும்; குழாயின் வெளியடியா உள்ளடியா என்ற ஐயமும் நிற்கும். உள்ளடி மட்டம் என்றால் விளக்கமே வேண்டாம். வாட்டம் மட்டும் உறுத்துகிறது. முகவாட்டம், பயிர்வாட்டம் என்று எழுதிப் பழகிய கைக்குத் தொழில்நுட்ப நூலில் அது ஒட்டவில்லை. சரிவு போதாதா?

பொள்ளாச்சி, நீர்ப்பாசன வரைவாளர்:

சரிவு என்றால் மண்சரிவு, விலைச்சரிவு. வேண்டி விடுகிற இறக்கம் அதில் இல்லை அம்மா. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் காலிங்கராயன் கால்வாய் பவானியில் பிரிந்து, ஏறக்குறைய 90 கி.மீ. வளைந்து நெளிந்து நொய்யலில் சேர்கிறது. பாம்பு போன வழியில் வெட்டினார்கள் என்று கதை. நேராக வெட்டியிருந்தால் வாட்டம் கூடிக் கரை அரித்திருக்கும். நம் ஊரில் வாட்டம் என்பது அளந்து விடுவது. கைக்கு வாட்டமாக இருக்கிறது என்கிறோமே, அந்தப் பொருத்தமும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

அகடு பற்றி ஒரு தடை. போட்ட குழாய் நடுவில் தொய்ந்து நீர் தேங்கினால் அந்தப் பள்ளம் அலையின் அகடு போலவே இருக்கும். அகடு என்று படித்த மாணவர் அந்தத் தொய்வைத்தான் நினைப்பார். ஆனால் குழாயின் உள்ளுச்சிக்கு முகடு என்ற சொல் வேண்டும். சின்னக் குழாய் பெரிய குழாயோடு ஆளிறங்கு குழியில் சேரும்போது உள்முகடுகளை ஒரே மட்டத்தில் வைப்பது வழக்கம். 150, 300 மி.மீ. உள்விட்டம் என்றால் உள்ளடி 150 மி.மீ. இறங்கும். அப்படி வைக்காமல் உள்ளடிகளைச் சமமாக வைத்தால், பெரிய குழாய் நிரம்பி ஓடும்போது சின்னதில் நீர் எதிர்த்து ஏறும்.

பெருந்துறை, பாலிடெக்னிக் ஆசிரியர்:

நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள், அதனால் முடிவெடுக்கிறேன். ஸ்லோப்புக்கு வாட்டம், முதல் பக்கத்தில் மட்டும் ‘கணக்கில் சாய்வு’ என்று ஒரு வரி. இன்வெர்ட்டுக்கு உள்ளடி, குழாயின் உள்ளுச்சிக்கு முகடு. செய்முறைப் பகுதி இப்படி வருகிறது:

“கழிவுநீர் சேரும் கடைசிக் குழியின் உள்ளடி மட்டத்தை முதலில் உறுதி செய்க. குறைந்த வாட்டம், கூடிய வாட்டம், மேலே இருக்க வேண்டிய மண்ணின் ஆழம் மூன்றையும் விதிகளாக இட்டபின் வரையத் தொடங்குக. ஒவ்வொரு குழாயின் மட்டத்தையும் கையால் திருத்த வேண்டாம். விதியை மாற்றி மறுபடி பொருத்துக. ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறைந்தால் கசடு படியும் என்பதால், குறைந்த வாட்டத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க.”

திருப்பூர், தள பொறியாளர்:

படிக்க நேராக இருக்கிறது. எதிர்வாட்டம் என்ற சொல்லையும் சேருங்க. பையன் குழாயைத் திருப்பி வரைந்துவிட்டால் அதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். அப்புறம், கடையில் கிடைக்கிற எஸ்.டபிள்யூ.ஆர். பெண்டு (கழிவுநீர், மழைநீர்க் குழாய்களைத் திருப்புகிற வளைவுத் துண்டு) 87.5 பாகை என்பதையும் ஒரு வரி எழுதுங்க. வாட்டத்துக்காகத்தான் அந்த இரண்டரை பாகை. திரையில் 90 என்று வரைந்துவிட்டுத் தளத்தில் பொருத்த முடியாமல் தவிக்கிறார்கள்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

வாட்டத்துக்கு அரை மனதோடு சரி. உள்ளடிக்கு முழு மனதோடு.

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் முகட்டை எடுத்துக்கொண்டு அகட்டைத் தள்ளியது இணை மாட்டில் ஒன்றை மட்டும் ஓட்டி வந்தது போல இருக்கிறது. தொய்வுக்குத் தொய்வு என்றே சொல் இருக்கும்போது, அகடு குழப்பும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன். பகடு பற்றிய குறிப்பைத் தனி மடலில் அனுப்புகிறேன்.