இரும்புக் கோதுத் தோட்டா: மலிவென்று வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெல்லாவெளியிலிருந்து:

எங்கள் வயல் நவகிரிக் குளத்து நீர் பாயும் கண்டத்தில் இருக்கிறது. மாரிப் போகத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரம் பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் கால் ஏக்கர் போய்விடும். அதற்காகத்தான் அப்பா காலத்து 12 போர் ஒற்றைக் குழல் துவக்கை வருடா வருடம் லைசன்ஸ் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

போன போகத்தில் வழக்கமான தோட்டா கிடைக்கவில்லை. அதைவிட விலை குறைந்த ஒரு பெட்டி வாங்கினேன். பார்க்க ஒரே மாதிரிதான், சிவப்புப் பிளாஸ்டிக், அடியில் மஞ்சள் நிற உலோகம். அன்று இரவு பரணில் நானும் மாமாவும். பன்றி வந்தது, ஒரு வெடி வைத்தேன், ஓடியது. அடுத்த தோட்டா போடத் துவக்கை மடித்துத் திறந்தால் கோது, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு, வெளியே வரவில்லை. விளிம்பு ஒரு நெல்மணி அளவுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. நகத்தால் இழுத்தேன், கத்தி முனையால் நெம்பினேன். மாமா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு "அவசரப்படாதே மகன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து வரம்புக்கு அங்கால் கிளை முறியும் சத்தம். ஆனை. ஆனைக்குச் சுடக் கூடாது, சுடவும் மாட்டோம், வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்கும் துவக்கு உதவாமல் கையில் கிடந்தது. கடைசியில் மாமாவிடம் இருந்த ஆனை வெடியைக் கொளுத்திப் போட்டுத்தான் தப்பினோம்.

காலையில் குழல் துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுத் தட்டினேன், கோது விழுந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை அடியில் வைத்தேன். பிடித்தது. மஞ்சள் வெறும் பூச்சு, உள்ளே இரும்பு. வீட்டில் மிச்சமிருந்த பழைய தோட்டாவில் காந்தம் ஒட்டவே இல்லை, அது முழுப் பித்தளை. வேறு யாருக்கும் இப்படி நடந்ததா? றைபிள் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

தம்பி, நான் யுத்தக் காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தவன். எங்களுக்குத் தந்தது ரி-56, ஏகே-47 வகைச் சீன றைபிள். அதன் ரவை, அதாவது தோட்டா, செம்பு நிறமாக இருக்கும், ஆனால் கோது இரும்புதான். பயிற்சியிலும் காவலிலும் எவ்வளவோ சுட்டிருக்கிறோம், என் கையில் ஒரு முறைகூட கோது சிக்கியதில்லை. எங்களுக்குச் சொல்லித்தந்தவர் ஒரு ரவையைக் கையில் எடுத்து, அடி பருத்து நுனி ஒடுங்கி இருப்பதைக் காட்டினார். கொஞ்சம் பின்னால் இழுத்தாலே அது அறையின், அதாவது குழலில் தோட்டா இருக்கும் இடத்தின், சுவரை விட்டு விலகிவிடும். குழலுக்கும் அறைக்கும் குரோம் பூச்சு உண்டு, கோதை இழுக்கும் கொக்கியும் பெரியது. அந்தத் துவக்கை இரும்புக் கோதுக்கென்றே செய்திருக்கிறார்கள்.

துப்புரவில் மட்டும் விளையாடக் கூடாது. பழைய ரவைகள் சிலவற்றின் எரியூட்டி மருந்தில் உப்புச் சத்து இருக்கும். சுட்ட அன்றே கொதிநீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு உள்ளேயே கிடந்து தின்னும்.

காந்தம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் வயலில் கோது பொறுக்குவார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் இரும்பு விலை, ஒட்டாவிட்டால் பித்தளை விலை கொடுப்பார். சுடாத ரவையையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

களுவாஞ்சிக்குடி, இப்போது அமெரிக்கா:

அண்ணன், இங்கே நான் ஏஆர்-15 என்ற றைபிள் வைத்து ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், சுடுகிறேன். சம்மாந்துறைக் காக்கா சொன்னதன் மறுபக்கத்தை நான் அனுபவித்தேன். இதன் ரவை ரி-56 ரவை போல ஒடுங்காது, ஏறக்குறைய நேராக இருக்கும். வெடிக்கும்போது பித்தளை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிப் புகையை அடைக்கும், உடனே சுருங்கி விடுபடும். இரும்பு அப்படி விரிவதுமில்லை, விரிந்தால் அவ்வளவு சுருங்குவதுமில்லை. இடைவெளியால் கரி பின்னுக்கு வந்து அறையில் படியும். நான் ஒரு நாள் இருநூறு இரும்புக் கோது சுட்டுவிட்டு, துடைக்காமல் பித்தளை ரவை போட்டேன். மூன்றாவது ரவையில் கோது இறுகிவிட்டது. கோதின் மேல் பூசிய அரக்கு உருகி ஒட்டுகிறது என்று இங்கே பலர் சொல்வார்கள். என் அறையைத் துடைத்தபோது துணியில் வந்தது வெறும் கரிதான்.

இன்னொன்று குழல் தேய்மானம். 2013-இல் லக்கி கன்னர் என்ற தோட்டா விற்கும் நிறுவனம் நான்கு ஏஆர்-15களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 ரவை சுடுவதென்று பரிசோதித்தது. இரும்புக் கோது ரவை சுட்டவற்றில் இரண்டின் குழல் 6,000 ரவை அளவிலேயே தேய்ந்துவிட்டது. பித்தளை ரவை சுட்டது தாக்குப்பிடித்தது. அதில் குற்றவாளி கோது அல்ல, செம்புக்கு அடியில் இரும்பு வைத்த சன்ன உறை. ஆனாலும் மிச்சப்படுத்திய காசில் புதுக் குழல் வாங்கலாம் என்றுதான் அவர்களின் கணக்கு முடிந்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்கா ரஷ்யத் தோட்டாவுக்குப் புது இறக்குமதி அனுமதியை நிறுத்திய பிறகு அந்த மலிவும் குறைந்துவிட்டது.

என்னைக் கேட்டால், ரேஞ்சில் சிக்கினால் ஒரு பின்னேரம் வீண், அவ்வளவுதான். உங்களுக்கு ஆனை நிற்கிறது. இரண்டும் ஒரே கணக்கில் வராது.

திருக்கோவிலிலிருந்து:

எங்கள் பக்கம் உப்புக் காற்று. அறையில் சின்னத் துருப்பள்ளம் இருந்தாலே இரும்பு அடி அதில் பிடித்துக்கொள்ளும். உங்கள் துவக்கைப் பகலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அப்புறம், விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே மடிக்க வேண்டாம். வாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் இருங்கள், பிந்தி வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

வெல்லாவெளியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. திருக்கோவில் நண்பர் சொன்னது சரி. வெளிச்சத்துக்குப் பிடித்தபோது அறையில் மிளகளவு இரண்டு பள்ளம். அப்பா போன பிறகு நான் குழலைத் துடைத்தேனே தவிர அறையை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. லைசன்ஸ் உள்ள துவக்குத் திருத்துநரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தேன். பெட்டியில் மிஞ்சிய தோட்டாவில் இரண்டைப் பகலில் சுட்டுப் பார்த்தேன். ஒன்று சும்மா வந்தது, மற்றதற்கு மறுபடியும் கம்பி தேவைப்பட்டது. அந்தப் பெட்டியை இனிப் பரணுக்குக் கொண்டுபோகமாட்டேன். இந்தப் போகத்துக்குப் பித்தளை அடித் தோட்டா பத்துத்தான் கிடைத்திருக்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்தே வாங்கினேன். மாமா கம்பியையும் பரணில் கட்டி வைத்துவிட்டார்.