கலைச்சொல்: சொல்வடிகட்டியும் உட்சொல் மயக்கமும்

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையப் பதிவுகளில் கெட்ட சொற்களைத் தேடிப் பிடிக்கும் நிரலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். சொல்வடிகட்டி, வார்த்தைச் சல்லடை, ஆபாசத் தடுப்பான், இடக்கர் வடிப்பான் என்று கருவிக்கு நான்கு பெயர்கள் வந்துவிட்டன. எனக்குக் கருவியின் பெயரைவிட அது செய்யும் தவறின் பெயர்தான் கவலை. நல்ல சொல்லைக் கெட்ட சொல் என்று பிடித்துவிடும் பிழைக்கு நம்மிடம் இன்னும் பெயரே இல்லை. பெயர் இல்லாவிட்டால், நிரலாளருக்குப் பிழையைத் தெரிவிக்கும் வழுவறிக்கையில் அதை எப்படி எழுதுவது? தமிழில் இந்தப் பிழை நடக்க வழிகளும் அதிகம்.

> சொல்வடிகட்டி எல்லாருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் வடிகட்டியில் சக்கை மேலே தங்கும், சாறு கீழே இறங்கும். இந்த நிரல்கள் எல்லாம் அப்படிச் செய்வதில்லை. ஒன்று பதிவையே ஏற்காமல் திருப்பிவிடும். இன்னொன்று சொல் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளை இடும். மூன்றாவது, தன்னிடமுள்ள வேறு சொல்லை அங்கே வைத்துவிடும். எழுதியவர் படும் பாடு மூன்றிலும் வேறு வேறு. கடைசி வகையில், தான் சொல்லாத ஒன்றைச் சொன்னவராகவே அவர் ஆகிவிடுகிறார். 2008இல் அமெரிக்கச் செய்தித்தளம் ஒன்று, ஒருபாலீர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் 'ஹோமோசெக்சுவல்' என்று தானாக மாறும்படி வைத்திருந்தது. ஓட்டப்பந்தய வீரர் டைசன் கேயின் வெற்றிச் செய்தி 'டைசன் ஹோமோசெக்சுவல்' என்று வெளியானது. அதனால் பொதுப்பெயர் சொல்வடிகட்டி என்றிருக்கட்டும். உட்பிரிவுகளைச் சொல்தடுப்பு, சொல்மறைப்பு, சொல்மாற்று என்று பிரிப்போம். புணர்த்தி எழுதினால் சொற்றடுப்பு, சொன்மறைப்பு என்றாகும் என்பது தெரியும். படிக்கிறவர் தடுமாறுவார் என்பதால் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

> நன்னூலிலேயே இடக்கரடக்கல் இருக்கிறது. புதிதாக எதற்கு உருவாக்க வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று தகுதி வழக்கை நன்னூல் மூன்றாகச் சொல்கிறது. தொல்காப்பியம் 'அவையல் கிளவி' என்று பெயரிட்டு, அதை மறைத்துச் சொல்லச் சொல்கிறது. இரண்டிலும் அடக்குகிறவர் பேசுகிறவரே. எதிரே யார் இருக்கிறார்கள், இங்கே எது தகும் என்று பார்த்து, 'கால் கழுவி வந்தேன்' என்று அவரே மாற்றிச் சொல்கிறார். நிரலுக்கு அவை எது என்றே தெரியாது. அதன் செயலுக்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தால், பேசுகிறவரின் நாகரிகத்தைக் குறிக்கும் ஒரு நல்ல சொல்லை இழந்துவிடுவோம்.

'இடக்கர்' என்ற பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அது உதவும். இப்போது எல்லாரும் ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருக்கிறார்கள். இடக்கர் என்பது அவையில் சொல்லக் கூசும் சொல். வசை என்பது ஒருவரைத் திட்டும் சொல். இழிசொல் என்பது ஒரு மக்கள் கூட்டத்தையே தாழ்த்தும் சொல். மூன்றுக்கும் ஒரே விதி ஒத்துவராது. ஒரு கூட்டத்தின் பெயரையே சிலர் இழிசொல்லாகப் பயன்படுத்துவார்கள். அந்தப் பெயரை மொத்தமாகத் தடுத்தால், அந்த மக்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத முடியாமல் போகும்.

குழூஉக்குறியும் நமக்குத் தேவைப்படும். பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பது போல, வடிகட்டிக்குத் தப்புவதற்காக ஒரு குழு தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் மாற்றுச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அப்புறம் அந்தப் பிழை.

> ஆங்கிலத்தில் 'ஸ்கன்தோர்ப் சிக்கல்' என்கிறார்கள். அப்படியே எழுத்துப்பெயர்த்தால் என்ன?

ஸ்கன்தோர்ப் இங்கிலாந்தில் உள்ள ஊர். அந்த ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளுக்குள் ஓர் இடக்கர்ச் சொல் ஒளிந்திருக்கிறது. 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி, அந்த ஊர்க்காரர்கள் கணக்குத் தொடங்குவதையே தடுத்துவிட்டது. ஆங்கிலம் படிக்கிறவர் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் சிக்கலைப் புரிந்துகொள்வார். தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் ஒளிந்திருக்கும் சொல் காணாமல் போகிறது, கூடவே விளக்கமும் போகிறது.

நான் முன்வைப்பது உட்சொல் மயக்கம். ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லின் எழுத்துத்தொடர் இருப்பதால் நேரும் பிழை.

இது என் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுமத்தில் 'சனியன்று கூடுவோம்' என்று எழுதினேன். பதிவு ஏறவில்லை, காரணமும் சொல்லப்படவில்லை. நான்கு முறை மாற்றி எழுதிப் பார்த்த பிறகுதான் பட்டியலில் 'சனியன்' இருப்பது புரிந்தது. அன்றிலிருந்து இத்தகைய சொற்களைச் சேர்த்து வருகிறேன். 'அன்பன்றி வேறில்லை' என்று எழுதினால் உள்ளே பன்றி நிற்கிறது. அன்பு, அன்றி என்ற இரண்டு சொற்களிலும் இல்லாத பன்றியைப் புணர்ச்சி உண்டாக்கிவிடுகிறது! 'நாய்' கதை இன்னும் மோசம். நாயே, நாயை என்று உருபு ஏறியவற்றையும் பிடிக்க நினைத்துப் புள்ளியை நீக்கி 'நாய' என்று பட்டியலில் வைப்பார்கள். உடனே நாயகன், நாயகி, நாயனம், நாயன்மார் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களுக்குப் பெருமைக்குள்ளேயே எருமை வந்துவிடுகிறது.

'முழுச்சொல்லாக இருந்தால் மட்டும் பிடி' என்று விதி வைத்தால் தீராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் ஓரளவு தீரும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில், சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் சொல்லெல்லைக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கீறு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணும். தமிழ் அதற்குச் சொல்லே இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத்துத்தொடர்களைத் தேட இயல்பாகவே உள்ள முறைத்தொடர் நிரலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை, அதனால் சொல் நடுவிலேயே உடைகிறது. எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், உருபேறிய வடிவங்களையெல்லாம் தனித்தனியே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

முழுச்சொல்லே இரு பொருள் தருவது இன்னொரு வகை. 'மணியான சொற்களைப் பொறுக்கி எடுத்தேன்' என்பதில் வசை எங்கே இருக்கிறது? 'மயிர்' பட்டியலில் இருந்தால் 969ஆம் குறளைப் பதிவிட முடியாது. 2020இல் தொல்லுயிரியலாளர்களின் இணையவழி மாநாடு ஒன்றில், கேள்விகளை வடிகட்டிய நிரல் 'எலும்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே தடுத்தது. எலும்பை ஆராய்கிறவர்கள் எலும்பு என்று எழுத முடியவில்லை. இதைப் பொருள் மயக்கம் என்று தனியாகவே வைப்போம். உட்சொல் மயக்கத்தை நிரலாளர் திருத்தலாம். பொருள் மயக்கத்துக்கு ஒரு மனிதர் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், தப்ப நினைக்கிறவர் எளிதாகத் தப்பிவிடுவார். க இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ௧, எ இடத்தில் ௭, அ இடத்தில் ௮ போட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நிரலுக்கு அது வேறு எழுத்து. தண்டனை பெரும்பாலும் ஒன்றும் அறியாமல் எழுதியவருக்கே போகிறது. அதனால்தான் பிழைக்குப் பெயர் வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

*

மறுமொழிகளுக்கு நன்றி.

> மயக்கம் என்றால் தலைச்சுற்றல் என்றல்லவா மக்கள் நினைப்பார்கள்?

தனியாக நின்றால் அப்படித்தான், அம்மா. ஆனால் வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்று இலக்கணத்தில் ஏற்கெனவே பழகிய சொல். ஒன்று மற்றொன்றோடு கலந்து நிற்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வேறு கிடைக்கவில்லை. 'உட்சொல் பிழை' என்றால் எழுதியவர்மேல் பழி விழும். தவறு அவருடையது இல்லையே.

பயனருக்குத் தெரியும் அறிவிப்பில் கலைச்சொல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். அங்கே இப்படி வைக்கலாம்: 'சனியன்று என்ற சொல்லுக்குள் சனியன் இருப்பதால் இந்தப் பதிவு நிறுத்தப்பட்டுள்ளது. தவறாக நிறுத்தியிருந்தால் தெரிவியுங்கள்.' எந்தச் சொல்லால் நின்றது என்று சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

விதிவிலக்குப் பட்டியலைத் தொடங்கிவிட்டேன். இப்போது சனியன்று, அன்பன்றி, பண்பன்றி, நாயகன், நாயகி, நாயனம், நாயன்மார் இருக்கின்றன. உங்களிடம் உள்ளவற்றை அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.