நிண்ட இடத்தில பற்றரி இறங்குது

கேள்வி (கிளிநொச்சி)
பழைய ரூறிங் பைக், 12 வோல்ற், 14 ஆம்பியர்-அவர் பற்றரி, புதுசு. ஓடேக்க ஒரு குறையும் இல்லை. ஒரு கிழமை நிப்பாட்டி வச்சா செல்ஃப் 'டிக்' எண்டு நிண்டுடும். எங்க இருந்து தொடங்குறது?

பதில் (மாங்குளம்)
தம்பி, முதல் பற்றரியோ வயரிங்கோ எண்டு பிரியுங்கோ. முழுசா சார்ஜ் ஏத்தி, நெகற்றிவைக் கழட்டி ஒரு இரவு விடுங்கோ. காலமை 12.6 வோல்ற்றுக்குக் கிட்ட நிண்டா பற்றரி நல்லம்.

பிறகு திறப்பை எடுத்துட்டு, மல்ரிமீற்றரை 10 ஆம்பியரில வச்சு, கழட்டின நெகற்றிவ் வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையில பிடியுங்கோ. பிடிச்சிருக்கேக்க திறப்பைப் போடாதேங்கோ, மீற்றர் பியூஸ் போயிடும். எண் சின்னனா இருந்தா மட்டும் மில்லியாம்பியருக்கு மாத்துங்கோ. மணிக்கூடு மட்டும் எண்டா ஒண்டிரண்டு மில்லியாம்பியர்தான் காட்டும். 50 காட்டினா நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர், கிழமையில பாதிக்கு மேல காலி. பியூஸ்களை ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ. எண் எதில விழுதோ அந்த லைன்தான் கள்ளன்.

பதில் (வவுனியா)
ஒண்டிலயும் விழாட்டி றெகுலேற்றர்-றெக்ரிபையர் (ஓடேக்க பற்றரிக்கு சார்ஜ் குடுக்கிற பெட்டி) சொக்கற்றைக் கழட்டிப் பாருங்கோ. அதில கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் கசிஞ்சா பற்றரி கரன்ட் அதுக்குள்ளால ஓடிக்கொண்டே இருக்கும். நீங்களாப் பின்னால பூட்டின போன் சார்ஜர், அலாரம் இருக்கோ? பற்றரியில நேர குடுத்திருந்தா பைக்கின்ர பியூஸ் கழட்டினாலும் தெரியாது.

கேட்டவர்
48 மில்லியாம்பியர் காட்டினது. போன் சார்ஜரைக் கழட்ட 2க்கு வந்திட்டுது!

பதில் (வவுனியா)
அப்ப ரிலே போடுங்கோ, திறப்புப் போட்டா மட்டும் சார்ஜருக்கு கரன்ட் விடுற சுவிச்சு அது. ரிலே முனைகளில எண் இருக்கும்: 30க்கு 5 ஆம்பியர் பியூஸோட பற்றரி, 87க்கு சார்ஜர், 86க்கு திறப்பு லைன், 85க்கு ஏர்த்.