இறங்கினது தளமா, ஏறினது வீடா? களிமண்ணில் மாட்டிக்கொண்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

விரிசல்வாசி:

கார் நிறுத்தும் சிமென்ட் தளம் சுவரோரமாக 2 அங்குலம் இறங்கிப்போய், மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் வாசலைப் பார்த்து ஓடிவர ஆரம்பித்ததுதான் என் கதையின் தொடக்கம். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இறங்கியிருக்கிறது, தூக்கினால் சரியாகிவிடும். ஆள் பிடித்தேன். தளத்தில் வரிசையாக ஒன்றரை அங்குல ஓட்டை போட்டு, சிமென்டும் மண்ணும் கரைத்த கூழை அடியில் பம்ப் செய்தார்கள். அவ்வளவு பெரிய பலகை கண் முன்னால் மெல்ல எழும்பியதைப் பார்த்து நிஜமாகவே கைதட்டினேன். மதியத்துக்குள் மட்டம் வந்துவிட்டது. அடுத்த கோடை முடிவதற்குள் மறுபடி 1 அங்குலம் கீழே.

அதோடு விட்டதா என்றால் இல்லை. இப்போது மூலை அறை ஜன்னலின் முனையிலிருந்து கோணலாக ஒரு விரிசல், மேலே போகப் போக அகலம், மேல் முனையில் 5 மில்லிமீட்டர் இருக்கும். அந்த அறைக் கதவு நிலையில் இடிக்கிறது. பார்க்க வந்த எல்லோரும் ஒரே குரலில் "மூலை இறங்கிவிட்டது, அஸ்திவாரத்தைத் தோண்டி அடியில் கான்கிரீட் கொடு" என்கிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டுச் சூடு கண்டவன் நான். மண் கறுப்புக் களிமண், வெயில் காலத்தில் வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். உங்கள் அனுபவம் என்ன?

மட்டக்கோல்:

மூலை இறங்கியது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? மூலை இறங்கினாலும் அதே விரிசல்தான், மூலை அப்படியே இருக்க வீட்டின் நடுப்பகுதி ஏறினாலும் அதே விரிசல்தான். கண்ணால் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது. நான் கட்டட மேற்பார்வையில் இருக்கிறேன், இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டியூப் லெவல் பிடியுங்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் குழாய் 15 மீட்டர், உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தண்ணீர், ரெண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டின் எல்லா மூலையிலும், கூடத்தின் நடுவிலும், குளியலறை வாசலிலும் குறி வைத்து அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒப்பிட அசையாத ஒரு புள்ளி வேண்டும். காம்பவுண்டு சுவர் உதவாது, அதுவும் அதே மண்ணில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதன் கேசிங் பைப்பில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், அது கீழே ஆழம் வரை போகிறது என்பதால் மேல்மண் ஆடும் ஆட்டம் அதை அவ்வளவாகத் தொடாது. மாதம் ஒருமுறை அளவு. ஒரு மழைக்காலம், ஒரு கோடை தாண்டும் வரை யாரையும் தோண்ட விடாதீர்கள். விரிசல் நாளுக்கு நாள் பெரிதாகிறது, 15 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, பீம் தாங்கும் இடம் நழுவுகிறது என்றால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது, உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கறுப்புமண்:

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரம் பட்டால் கறுப்புக் களிமண் எவ்வளவு ஊதும் என்று எனக்குப் புரிந்தது ஒரு சின்னச் சோதனையில்தான். மண்ணைக் காயவைத்து, பொடித்து, நைஸாகச் சலித்து, 10 கிராம் 10 கிராமாக ரெண்டு 100 மில்லி அளவுக் குழாய்களில் போட்டார் சோதனைக்கூடத்துப் பையன். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மறுநாள் போய்ப் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் 10 மில்லியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரில் இருந்தது 19 மில்லிக்குப் பொங்கி நிற்கிறது. 90 சதவீத வீக்கம். 50 தாண்டினாலே மிக மோசமான மண் என்று கணக்காம். மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் ஏடு ஏடாக அடுக்கியிருக்கும், அந்த ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து விலக்குகிறது, மண்ணெண்ணெயால் அது முடியாது, அதனால்தான் ஒப்பிட அதை வைக்கிறார்கள்.

அந்தக் குழாயைப் பார்த்த பிறகு "வீடு இறங்கிவிட்டது" என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். ஒற்றை மாடி வீட்டின் எடை இந்த மண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஈரம் கிடைத்தால் தூக்கிவிடும்.

நுரைபட்டவன்:

கூழுக்குப் பதில் நுரை போட்டிருக்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன். பாலியூரித்தேன் நுரை, அடியில் விட்டால் ஊதி விரிந்து பலகையைத் தூக்கும். ஓட்டை சுண்டுவிரல் பருமன்தான், அரை மணி நேரத்தில் தளத்தில் நடக்கலாம், எடையும் ரொம்பக் குறைவு. கூழ் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும், நுரை 100 கிலோவைத் தொடுவதே அபூர்வம். இளகின மண்ணின் தலையில் மேலும் பாரம் ஏற்றாமல் இருக்கலாம் என்பது நியாயமான பேச்சுதான். நானும் அதை நம்பித்தான் போட்டேன்.

ரெண்டு விஷயம் நடந்தது. ஒன்று, பம்ப் பிடித்தவர் ஒரே ஓட்டையில் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டார், பலகை ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் கூடுதலாக ஏறி நின்றது. ஏற்றலாமே தவிர இறக்க முடியாது. விளிம்பைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்துச் சமாளித்தோம், இன்றைக்கும் தெரியாதவர்கள் அங்கே கால் தடுக்குவார்கள். ரெண்டாவதுதான் பெரிய கூத்து. மறுநாள் காலையில் குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. தளத்துக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் ஏற்கெனவே உடைந்திருக்கிறது, அந்த உடைசல் வழியாக நுரை உள்ளே போய்க் குழாயை அடைத்துக் கல் மாதிரி இறுகிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், தளம் இறங்கியதற்குக் காரணமே அந்த உடைந்த குழாய்தான், அதில் ஒழுகின தண்ணீர்தான் அடி மண்ணை அரித்துக் கொண்டுபோயிருக்கிறது. காரணத்தின் மேலேயே நின்றுகொண்டு நுரை அடித்திருக்கிறோம்!

அதனால் தூக்குவதற்கு முன் குழாயைச் சோதியுங்கள். கீழ் முனையில் அடைப்பு வைத்து, மேலே தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

மட்டக்கோல்:

ஏமாந்த கதையைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. ஒரு வீட்டில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தது. அளந்து பார்த்தே உறுதி செய்தோம், அதில் தவறில்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் புதுக் கான்கிரீட் கொடுப்பதென்று முடிவு. இந்த வேலையை முறையாகச் செய்தால் அழகுதான். சுவரோரம் 1 மீட்டர் அகலத்துக்கு ஒரு குழி, பக்கத்தில் ரெண்டு குழிக்கான இடத்தை அப்படியே விட்டு அடுத்தது, இப்படி விட்டு விட்டுத்தான் தோண்ட வேண்டும். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாய்க்காலாகத் திறந்தால் சுவர் தொங்கலில் நின்றுவிடும். எங்கள் ஆட்களிலேயே ஒருவர் "எதுக்கு இத்தனை நாள், ஒரே மூச்சா எடுத்துடலாம்" என்றார். அவரைத் தடுத்து நிறுத்தியதுதான் அந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

1.2 மீட்டர் ஆழத்திலும் வெடிப்பு இருந்தது, கடப்பாரை முனையை விட்டால் சுலபமாகப் போனது. 3 மீட்டருக்குப் பக்கத்தில்தான் மண் வேறு மாதிரி ஆனது, கையில் பிடித்தால் ஒரே சீரான பதம், வெடிப்பின் தடயமே இல்லை. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழம் அது. கான்கிரீட்டைப் பழைய அஸ்திவாரத்தின் அடிவரை நிரப்பக் கூடாது, 75 மில்லிமீட்டர் விட்டுவிட்டு, அது இறுகிய மறுநாள் அந்தச் சந்தில் அரை ஈரக் கலவையை, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்கிற பதத்தில் வைத்துக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கினோம். அந்த இடிக்கிற சத்தம் மந்தமாக இருப்பது மாறிக் கணீரென்று கேட்கும் வரை விடக் கூடாது.

மூலை அதன் பிறகு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. பிரச்சினையே அதுதான். மூலை பாறை மாதிரி நிற்க, மீதி வீடு பழைய ஆழமில்லாத அஸ்திவாரத்தில் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடத்தில், நாங்கள் வேலையை நிறுத்திய இடத்துக்கு நேர் மேலே புது விரிசல். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மண்ணுக்குள் திருகி இறக்கும் திருகுக் கம்பம், ஜாக்கி வைத்து அழுத்தி இறக்கும் இரும்புத் தூண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், ஒரு மூலைக்கு மட்டும் போட்டால் அந்த மூலை மட்டும்தான் நிற்கும்.

வேர்பிடித்தவர்:

மரம் பற்றி யாருமே பேசவில்லையே. எங்கள் சுவரிலிருந்து 4 மீட்டரில் பெரிய மரம், கோடையில் அந்தப் பக்கம் மட்டும் விரிசல். மரம்தான் மண்ணை உறிஞ்சிக் காயவைக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்து, ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தோம். அடுத்த ரெண்டு மழைக்காலத்தில் அந்த அறையின் தரை நடுவில் எழும்பி, டைல்ஸ் கூடாரம் மாதிரி நின்றது. அத்தனை வருடம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் குடிக்க இப்போது ஆளில்லை, காய்ந்து சுருங்கிக் கிடந்த மண் ஈரத்தை வாங்கி ஊறிக்கொண்டே போகிறது. இந்த ஏற்றம் நிற்கப் பல வருடம் ஆகுமாம். கிளையைக் கழித்து மரத்தின் தாகத்தைக் குறைத்திருக்கலாம், வேர்த் தடுப்புச் சுவர் போட்டிருக்கலாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும், யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்ட பிறகு கோடாலியைத் தூக்கியிருக்கலாம்.

ஈரத்துணி:

கோடையில் வீட்டைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணைக் காயவிடாமல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பலன் தந்தது. ஆனால் வெடித்துப்போன பிறகு வெடிப்புக்குள் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டு நான் பட்டது போதும், அது நேரே அஸ்திவாரத்துக்கு அடியில் போய் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டது. வெடிப்பதற்கு முன்பே, எல்லாப் பக்கமும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக. முடியாதென்றால் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று, கோடையில் விரிசல் வாய் திறந்திருக்கும்போது சிமென்டை அடைத்துவிடாதீர்கள். மழையில் மண் ஊதி அது மூட வரும், மூட இடம் இல்லாவிட்டால் பக்கத்தில் புதிதாக உடைத்துக்கொள்ளும்.

விரிசல்வாசி:

14 மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நோட்டில் 14 பக்கம் இருக்கிறது.

மூலை இறங்கவில்லை! கேசிங் பைப்போடு ஒப்பிட்டால் மூலை மழைக்கும் வெயிலுக்கும் 9 மில்லிமீட்டர் ஏறி இறங்கி, வருட முடிவில் கிட்டத்தட்ட பழைய கோட்டிலேயே வந்து நின்றது. குளியலறை வாசல்தான் மூலையை விட 28 மில்லிமீட்டர் உயரம், முதல் நாலு மாதத்தில் இன்னும் 3 ஏறியது. நுரைபட்டவன் சொன்னபடி குழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டேன். ஒரு மணி நேரம் காத்திருக்கத் தேவையே இல்லாமல் போயிற்று, தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் கோட்டை விட்டு ஒரு சாண் கீழே. தரையை உடைத்துப் பார்த்தால் வளைவு மூட்டு ஒன்று கழன்று வாய் பிளந்து கிடக்கிறது, சுற்றிலும் மண் பிசைந்த மாவு போல. எத்தனை வருடமாகக் குடித்ததோ. அந்த மூலையைத் தோண்டிக் கான்கிரீட் கொடுத்திருந்தால் நடுவில் ஏறுகிற வீட்டுக்கு ஓரத்தில் பூட்டுப் போட்ட கதையாகியிருக்கும்.

குழாய் மாற்றியாயிற்று. கார் தளம் இறங்கியதற்குத் தனிக் காரணம்: கூரைத் தண்ணீர்க் குழாய் நேராக அந்தச் சுவரோரத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தது, அடியில் இருந்தது சரியாகத் திமிசு போடாமல் நிரப்பின மண். அந்தக் குழாயை வெளியே நீட்டிவிட்டு, வீட்டைச் சுற்றி 1.2 மீட்டருக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டேன், சுவரோடு ஒட்டாமல் நடுவில் தார் அடைத்த இணைப்பு விட்டு. கார் தளத்தை மறுபடி தூக்கவில்லை. உடைத்து எடுத்து, அடி மண்ணை மாற்றி, அடுக்கடுக்காக இறுக்கிப் புதிதாகவே போட்டுவிட்டோம், அதையும் சுவரோடு கட்டவில்லை, தனியாக ஆட விட்டிருக்கிறேன்.

குளியலறை வாசல் இப்போது 22க்கு வந்திருக்கிறது. மட்டக்கோல் சார், இது இன்னும் இறங்குமா, இதோடு நின்றுவிடுமா?

மட்டக்கோல்:

இறங்கும், மெதுவாக. வீட்டுக்கு நடுவில் மூடிக் கிடக்கும் களிமண் காய ரெண்டு கோடைகூட ஆகலாம். முழுசாகப் பழைய மட்டத்துக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அளப்பதை நிறுத்த வேண்டாம், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

விரிசல்வாசி:

சரி சார். கதவு இப்போது இடிக்காமல் மூடுகிறது, நிலையைச் செதுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. ஜன்னல் விரிசல் 5லிருந்து 3க்கு வந்திருக்கிறது, ரெண்டு பக்கமும் பென்சில் கோடும் தேதியுமாகச் சுவர் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி இருக்கிறது. பூசி வெள்ளையடிக்கச் சொல்லி வீட்டில் தினமும் திட்டு விழுகிறது. அடுத்த மழை போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.