லங்காவியில ஒரு பழைய தயானா 37 பாய்மரப் படகு, வாங்கலாமா?

கடலோரம்77:
வணக்கம். பினாங்குல இருக்கேன், சின்னப் படகுல பத்து வருஷமா பாய் கட்டி ஓட்டுன பழக்கம், ரிட்டயர் ஆனதும் தாய்லாந்து பக்கம் மெதுவா சுத்தலாம்னு ஆசை. லங்காவி தீவு மரினால (படகு நிறுத்துற எடம்) 1982 தயானா 37 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, 42,000 அமெரிக்க டாலர் கேக்குறாரு. உள்ள இருக்குற தேக்கு வேலைப்பாட்ட போட்டோல பாத்துட்டு வீட்டுக்காரம்மா இப்பவே திரைச்சீலை கலர் யோசிக்கிறாங்க. டெக்கும் (மேல்தளம்) தேக்குதான். பாய்மரத்த இழுத்துப் பிடிக்கிற ரிக்கிங் கம்பி எப்ப மாத்துனதுன்னு கேட்டா "நல்லாத்தான் இருக்கு"ங்கறாரு ஓனர். படக சோதிச்சு சொல்ற சர்வேயருக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடி நானா போயி என்ன பாக்கலாம்?

உப்புத்தண்ணி:
அண்ணே, திரைச்சீலைய கொஞ்சம் தள்ளி வைங்க 😀 ராபர்ட் பெர்ரி வரைஞ்சது, தைவான்ல கட்டுனது, பத்து டன் கனம், கடலுக்கு அருமையான படகு அதுல சந்தேகமே இல்ல. வில்லன் அந்தத் தேக்கு டெக்குதான். பலகைய நூத்துக்கணக்கான ஸ்க்ரூ போட்டு ஃபைபர் மேல இறுக்கியிருப்பாங்க, இத்தன வருஷ வெயில்ல பலகை தேஞ்சு ஸ்க்ரூ தலைய மூடுன மரக்கட்டை கழண்டுடும், அப்புறம் மழைத்தண்ணி ஒவ்வொரு ஓட்டை வழியாவும் எறங்கி ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல இருக்குறத ஊற வச்சு களியாக்கிடும். பிளாஸ்டிக் சுத்தியல் ஒண்ணு கொண்டு போயி தட்டிப் பாருங்க, நல்ல எடம் கணீர்னு கேக்கும், செத்த எடம் தொப்புன்னு. பாய்மரத்தடியும் கைப்பிடிக் கம்பி நிக்கிற எடமும் முக்கியம். நான் வாங்குன படகுல தட்டாம விட்டேன், டெக் வேலைக்கே படகு வெலையில பாதி போச்சு.

பழைய மெக்கானிக்:
டெக்க பத்தி இவ்ளோ பயமுறுத்த வேணாம் தம்பி, டெக் ஒழுகுனா மெத்தைதான் நனையும், பாய்மரம் சாஞ்சா உயிருக்கே ஆபத்து. கம்பிய படகோட பிடிக்கிற செயின்பிளேட் இருக்கே, அது டெக்குக்குள்ள நுழையிற எடத்துல ஈரம் தேங்கும், காத்து படாது, துருப்பிடிக்காத ஸ்டீல் கூட அங்கதான் உள்ளுக்குள்ள விரிசல் விடும், வெளிய பளபளன்னு இருக்கும். அதனால ஒண்ணு ரெண்டாவது கழட்டிப் பாக்காம நம்பக்கூடாது. கம்பிக்கு பில் இல்லையா, பத்து பதினஞ்சு வருஷம் தாண்டிருச்சுன்னே வச்சு வெலையில கழிங்க, நெறைய இன்ஷூரன்ஸ்காரங்க எப்படியும் கேப்பாங்க. டீசல் டேங்க் இரும்பான்னு பாருங்க, அந்தக் காலத்து தைவான் படகுல அது அடியில இருந்து துருப்பிடிக்கும், வெளிய எடுக்க பாதி கேபின பேக்கணும். ஒரு நிம்மதி, படகு கவுராம இருக்க அடியில வைக்கிற பாரம் (கீல்) இந்தப் படகுல ஃபைபருக்குள்ளயே இருக்கு, அத மாட்டுற கீல் போல்ட் கெடையாது. 2014ல அட்லாண்டிக்ல சீக்கி ராஃபிக்கிங்கற பாய்மரப் படகோட கீல் கழண்டு நாலு பேர் போனது ஞாபகம் இருக்கா? ஆனா பாறையில இடிச்ச எடத்துல தண்ணி உள்ள போயிருக்கலாம், அதுக்கு படக தூக்கித்தான் பாக்கணும்.

உப்புத்தண்ணி:
நான் மெத்தைக்கா அழுதேன்? அந்தத் தண்ணி எறங்குறதே உங்க செயின்பிளேட் பக்கத்துலதான் சார்.

கடலோரம்77:
ரெண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை சுத்தியலோட போறேன். செயின்பிளேட் கழட்ட ஓனர் ஒத்துக்கலைன்னா?

பழைய மெக்கானிக்:
ஒத்துக்கலைன்னா அதுவே பதில்தான். சர்வேல திருப்தின்னாதான் வாங்குவேன்னு எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க. லங்காவி வரியில்லாத தீவு, பினாங்குக்கு கொண்டு வந்தா என்ன கட்டணும்னு சுங்கத்துலயும் கேட்டுடுங்க. இன்னொண்ணு, நீங்க வர்றதுக்கு முன்னாடி இஞ்சின ஓட்டி வைக்க வேணாம்னு ஓனர்கிட்ட சொல்லுங்க. போன உடனே கைய வச்சுப் பாருங்க, சூடா இருந்துச்சுன்னா காலையில ஸ்டார்ட் ஆகாம அடம் புடிக்குதான்னு சந்தேகப்படுங்க.