கைச்சுருட்டின் பிற்பகுதி கசக்கிறது: குறை சுருட்டிலா, என் முறையிலா?

கேள்வி:
உயர்தரக் கைச்சுருட்டுகளைச் சுவைத்துக் குறிப்பெழுதும் பழக்கத்தை அண்மையில்தான் தொடங்கினேன். ஒரே கட்டிலிருந்து எடுத்த மூன்று ரொபுஸ்டோ சுருட்டுகளும் (5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ் தடிமன்) ஒரே விதமாக நடந்துகொண்டன. தொடக்கத்தில் தேவதாரு மர வாசனையும் வறுத்த கொட்டையின் சுவையும் தெளிவாக வருகின்றன. பாதியைத் தாண்டியதும் இழுப்பு இறுகி, நெருப்பு இருமுறை அணைந்து, நாவின் பின்புறத்தில் தார் போன்ற கசப்பு படிந்துவிடுவதால், அதன்பின் எந்தச் சுவையையும் பிரித்தறிய முடிவதில்லை. சுருட்டுகளை வைத்திருக்கும் பெட்டியின் ஈரப்பதமானி 70 சதவீதம் காட்டுகிறது. வெப்பநிலை 20 டிகிரி. ஒரு சுருட்டை ஏறத்தாழ 35 நிமிடங்களில் முடிக்கிறேன். நூற்றுக்கு 78 மதிப்பெண் இட்டிருக்கிறேன். அது நியாயமான மதிப்பீடுதானா?

பதில் 1:
அந்த மதிப்பெண்ணைத் தயவுசெய்து இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தொடக்கத்தில் நன்றாக இருந்த புகையிலை பாதி வழியில் கெட்டுவிடுவதில்லை. சுருட்டு எரிய எரிய ஈரமும் தாரும் பின்பகுதியில் சேர்கின்றன. இலையில் முன்பே ஈரம் மிகுந்திருந்தால் அது சரிவர எரியாது. எரியாததால் நாம் வலுவாக இழுக்கிறோம். வலுவாக இழுப்பதால் நெருப்பு முனை சூடேறிக் கசப்பு பிறக்கிறது. மேலும், நடுவே வைத்துச் சுருட்டப்படும் லிகெரோ இலை தடிமனானது, மெதுவாக எரிவது. ஈரம் கூடினால் முதலில் தடுமாறுவது அதுவே. ரொபுஸ்டோவுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை கொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும்.

உங்கள் ஈரப்பதமானியை எப்போதாவது சோதித்ததுண்டா? ஒரு புட்டி மூடியில் சாதாரண உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும்வரை மட்டும் நீர் விட்டு, மானியுடன் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைபெறும். மானி வேறு எண்ணைக் காட்டினால், அந்த வேறுபாடே அதன் பிழை.

கேட்டவர்:
சோதித்துப் பார்த்தேன், ஐயா. 75 காட்ட வேண்டிய இடத்தில் 68 காட்டுகிறது. அப்படியானால் என் பெட்டியில் இத்தனை நாளும் 77 சதவீதம் இருந்திருக்கிறது.

பதில் 2:
காரணம் தெரிந்துவிட்டது. அந்த அளவில் பூஞ்சையும் பிடிக்கலாம் என்பதால் ஒவ்வொரு சுருட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிறகு 65 சதவீதத்துக்கான ஈரப்பதப் பொட்டலம் வைத்து, சில வாரங்கள் தொடாமல் விடுங்கள். அவசரமாக உலர்த்தினால் மேலுறை இலை வெடித்துவிடும்.

அடுத்த முறை, பற்றவைக்கும் முன்பே மதிப்பீட்டைத் தொடங்குங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் எங்கும் கட்டியாகவோ பஞ்சாகவோ தட்டுப்படக்கூடாது. வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, நெருப்பில்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறுகிய இழுப்பு அப்போதே தெரிந்துவிடும். அம்மோனியா நெடி அடித்தால் நொதித்தல் முழுமையடையாத இலை என்று கொள்ளலாம். அது உங்கள் முறையின் குறையன்று. புகையை நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி, சிறிதளவை மட்டும் மூக்கின் வழியே விடுங்கள். சுவையென்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணமே. வெறும் வயிற்றில் வேண்டாம். சுருட்டுப் புகையின் நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறும்; தலைசுற்றல் வந்தபின் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை. உள்ளிழுக்காததால் வாய்ப்புற்று முதலிய ஆபத்துகள் நீங்கிவிடுவதுமில்லை; ஆகவே எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருங்கள்.

கேட்டவர்:
ஐந்து வாரங்களுக்குப் பிறகு அதே கட்டிலிருந்து நான்காவதை எடுத்தேன். 55 நிமிடங்கள் நீடித்தது. நெருப்பு ஒருமுறையும் அணையவில்லை. கசப்பு வந்த இடத்தில் இம்முறை கருமிளகும் கோகோவும் வந்தன. கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் சூடு ஏறியதால் அத்துடன் நிறுத்திவிட்டேன். பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டேன். இன்னும் இரண்டைச் சுவைத்த பிறகே புதியதை எழுதுவேன்.